துண்டுக்குள் ஒரு தொழிற்சாலை

கன்னியப்பனுக்கு மாடு விற்கத்தான் தெரியும். வேறு எதையும் விற்கத் தெரியாது. அதனால் எங்கள் ஊரை ஒரு ஜெர்மன்காரரிடம் விற்க வேண்டி வந்தபோது, ஊரையே ஒரு மாடாக நினைத்துக்கொண்டு பேரத்துக்குப் போனார். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஊரை எப்படி விற்பது என்று எங்களில் வேறு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

எங்கள் ஊர் கிளியம்பாக்கம். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் எங்கே முறைத்துக்கொண்டே விசில் ஊதுகிறாரோ அங்கே இறங்கிக்கொள்ள வேண்டும். அங்கே பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கில வாத்தியார். பெயர் சடகோபன். எனக்கு ஆங்கிலம் சரளமாகப் பேச வரும் என்பது ஊரார் கிளப்பிவிட்ட செய்தி. நான் அதை மறுக்கவுமில்லை, நிரூபிக்கவுமில்லை. கௌரவமாகக் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

கன்னியப்பனுக்கு அப்போது ஐம்பது வயது. ஒல்லி உடம்பு, காதில் கடுக்கன், தோளில் பச்சைக் கட்டம் போட்ட பெரிய துண்டு. அந்தத் துண்டுதான் அவருடைய ஆபீஸ். உத்திரமேரூர்ச் சந்தையில் மாட்டு விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகர் எதிராளியின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடி, விரலைத் தொட்டுத் தொட்டுப் பேசுவார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நான்கைப் பிடித்தால் நான்கு. அது பத்துக் கணக்கா, நூற்றுக் கணக்கா என்பது பேசுகிற இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு நெளிவது மட்டும்தான் தெரியும். எதிராளியும் அதே விரல்களைத் திருப்பிப் பிடித்தால் சம்மதம் என்று அர்த்தம். கடைசியில் முழுக்கையையும் சேர்த்து ஓர் அமுக்கு. அமுக்கிவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் மாடு முட்டினாலும் சரி, படுத்தாலும் சரி, வாங்கினவன் வாங்கினவன்தான். அமுக்கின கை என்றால் எங்கள் பக்கத்தில் பத்திரத்துக்கு ஒரு படி மேல்.

எந்த மாட்டையும் அவர் நல்ல மாடு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"கொறயில ஒண்ண நாமளே சொல்லிடணும் வாத்தியாரே. வாலு குட்டைன்னு சொல்லிட்டா வாங்கறவன் வாலையே பாத்துக்கினு நிப்பான். பல்லப் பாக்க மாட்டான்" என்பார்.

இது நேர்மையா தந்திரமா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. என் மைத்துனன் அம்பிக்கு அவர் ஒரு பசு பிடித்துக் கொடுத்தார். "ஒதைக்கும் சாமி" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அம்பி அதன் காலையே பார்த்துப் பார்த்து, தைரியம் வரவழைத்துக்கொண்டு வாங்கினான். அந்தப் பசு ஒருநாளும் உதைக்கவில்லை. பாலும் தரவில்லை.

வீட்டில் மனைவி செல்லம்மாள். ஒரே மகள் ஆதிலட்சுமி. அவள் என்னிடம் படித்துப் பத்தாவது தேறி, உத்திரமேரூரில் டைப்ரைட்டிங்கும் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தாள். சின்ன வயசிலிருந்தே அவள் கைதான் அப்பாவுக்குப் பயிற்சிக் கை. சந்தைக்கு முதல் நாள் சாப்பிட்டு முடித்ததும் அவள் கைமேல் துண்டைப் போட்டு மறுநாள் பேரத்தை ஒத்திகை பார்ப்பார். விலை ஜாஸ்தி என்று பட்டால் அவள் துண்டுக்குள்ளேயே கிள்ளிவிடுவாள். ஆனால் பெண்கள் சந்தைக்குப் போய்த் துண்டு பிடிக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அதனால் தாலுகாவிலேயே இரண்டாவது பெரிய தரகர் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

எண்பத்தேழாம் வருஷம் பஞ்சாயத்துத் தலைவர் தாண்டவராயன் ஒரு சேதி கொண்டுவந்தார். மேற்கு ஜெர்மனிக் கம்பெனி ஒன்று, மெட்ராஸ் முதலாளி ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து ஃபாக்டரி கட்ட இடம் தேடுகிறதாம். டி.வி.க்கும் கால்குலேட்டருக்கும் உள்ளே மிளகு மிளகாக வைத்திருப்பார்களே, அந்தச் சாமான்களைச் செய்கிற ஃபாக்டரி. செங்கல்பட்டுப் பக்கத்தில் ஓர் ஊரும் எங்கள் ஊரும்தான் கடைசியில் நிற்கின்றனவாம். எங்கள் ஊரில் அவர்கள் கண் வைத்தது மேய்க்கால் புறம்போக்கின் மேல். அது சர்க்கார் நிலம்தான். ஆனால் அதில் மேய்கிற நாற்பது வீட்டு மாடுகளுக்கு அந்த விவரம் தெரியாது.

திரௌபதை அம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. தாண்டவராயன் முன்னேற்றம், நவீன யுகம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். அவர் பேச்சில் நான் முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்குவது வழக்கம். அன்றும் வழக்கம் தவறவில்லை. கன்னியப்பன் குரல் கேட்டுத்தான் விழித்தேன்.

"மேய்ச்சல வுட்டுடலாம். ஆனா சும்மா வுடக் கூடாது. நாப்பது வூட்டு மாடு மேயுது. வூட்டுக்கு ஒரு வேல. நாப்பது வேல குடுத்தா நெலம்."

பச்சமுத்து எழுந்தார். ஊரிலேயே அதிக மாடும் அதிக வாயும் உள்ளவர். "அத்த யாரு கேட்டு வாங்கறது?"

"நான் வாங்கறேன்."

"வாங்காட்டி?"

"வாங்காட்டி இந்தத் துண்ட முறுக்கி ஒன் மாட்டுக்குக் கவுறா கட்டிடறேன். சந்தப் பக்கம் தலை காட்ட மாட்டேன். போதுமா?"

போதும் என்று ஊர் சொல்லிவிட்டது. கன்னியப்பன் வாக்கை நம்பித்தான் நாற்பது வீடும் கைதூக்கின. அந்த நாற்பதில் அவர் வீடும் ஒன்று.

செல்லம்மாள் மட்டும் நம்பவில்லை. மறுநாள் என் காதுபடவே கேட்டாள். "மேய்ச்சல் போனா மாடு போவும். மாடு போனா நீ இன்னாத்த தரகு பண்ணுவ? கோயி முட்டத் தரகா?"

"அப்ப பாத்துக்கலாம் போ" என்றார் கன்னியப்பன். அவர் முகத்தைப் பார்த்தால் அதைப் பற்றி அதுவரை யோசித்திருக்கவில்லை என்று தெரிந்தது.

ஜெர்மன்காரர் வருகிற நாள் நெருங்கியது. தாண்டவராயனுக்கு மந்திரிகளை வரவேற்றுத்தான் பழக்கம். வாழைமரம், தோரணம், பேண்டு வாத்தியம், பட்டாசு என்று இறங்கிவிட்டார். பள்ளிக்கூடத்துச் சுவருக்கு ரோஸ் வர்ணம் அடித்தார். கன்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

"கொம்புக்குச் சாயம் அடிச்சா வயசான மாடுன்னு சின்னக் கொழந்தைக்கும் தெரியும். இருக்கறபடி நிக்க வெச்சுக் காட்டுபா தலைவரே."

"நீ மாட்டோட நிறுத்திக்க" என்றார் தாண்டவராயன்.

குறித்த நாளில் இரண்டு கார்கள் வந்தன. முதல் காரில் மெட்ராஸ் அதிகாரி, கழுத்தில் டையும் கையில் ஃபைலுமாக. இரண்டாவது காரிலிருந்து ஹூபர் என்ற அந்த ஜெர்மன்காரர் இறங்கினார். நல்ல உயரம். அரைக்கைச் சட்டை. தலையில் ஒரு முடி கிடையாது. கையில் ஒரு சின்னப் பெட்டி. அது காற்றில் எவ்வளவு தூசு இருக்கிறது என்று காட்டும் கருவியாம். அவர்கள் செய்கிற சாமானுக்குத் தூசு ஆகாதாம். அவர் பெட்டியைத் திறந்த நேரம் பார்த்துத் தாண்டவராயன் கைகாட்ட, பேண்டு முழங்க, பையன்கள் தெருப் புழுதியில் ஆட்டம் போட, ஆயிரம்வாலா வெடிக்க, கருவியின் முள் கடைசிக் கோட்டுக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஹூபர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். பிறகு கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கன்னியப்பன் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் ஹூபரைச் சுற்றி ஒரு முழு வட்டம் வந்துகொண்டிருந்தார். குனிந்து காலைப் பார்த்தார். மாட்டுக்கு ராசியான சுழி இருக்கிறதா என்று தேடுவதுபோல் எக்கித் தலையைப் பார்த்தார். என் அருகே வந்து ரகசியமாக, "சுழியே இல்ல வாத்தியாரே. மண்டை வழவழன்னு கீது. சுழி இல்லாதவன எத்த வெச்சு நம்பறது?" என்றார். உண்மையாகவே கவலைப்பட்டார்.

மேய்ச்சல் நிலத்துக்கு நடந்தோம். மெட்ராஸ் அதிகாரி ஃபைலைத் திறந்து படித்துக்கொண்டே வந்தார். இருபத்து நான்கு மணி நேரமும் மின்சாரம், வருஷம் முழுவதும் தண்ணீர், தூய காற்று. எங்கள் ஊரை அவர் வேறு ஏதோ ஊர் என்று நினைத்துக்கொண்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஹூபர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஆனால் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

கன்னியப்பன் என் கையைச் சுரண்டினார். "தொரகிட்ட சொல்லுங்க. இங்க கரண்டு போவும். தெனமும் போவும். மய பெஞ்சா ரெண்டு நாளிக்கு வராது."

அதிகாரியின் முகம் வெளிறியது. எனக்கும்தான். ஆனால் கன்னியப்பன் சுரண்டுவதை நிறுத்தவில்லை. என் ஆங்கிலத்தின் மானத்தைத் திரௌபதை அம்மன் பொறுப்பில் விட்டுவிட்டு மொழிபெயர்த்தேன்.

ஹூபர் நின்றார். சிரித்தார். "செங்கல்பட்டுப் பக்கத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை. அங்கேயும் நான் இருந்த இரண்டு மணி நேரமும் மின்சாரம் இல்லை. நாங்கள் ஜெனரேட்டர் வைத்துக்கொள்வோம். தூசு?"

நான் தமிழில் கேட்டேன். கன்னியப்பன் மேய்ச்சலில் நின்ற மாடுகளைக் காட்டினார். "அதுங்க நடக்கறதுதான் தொர தூசு. நீ வந்தா அதுங்க போயிடும். தூசும் போயிடும்."

அதைச் சொன்னபோது அவர் மாடுகளைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார். நானும் அதை அப்படியே மொழிபெயர்க்காமல் 'தூசு இருக்காது' என்று மட்டும் சொன்னேன். ஹூபர் அப்போதுதான் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

அதைக் கண்டதும் கன்னியப்பன் தோளிலிருந்து துண்டை உருவினார். வாங்குகிறவன் மாட்டை இரண்டாவது தடவை பார்க்கும்போது துண்டு போட வேண்டும் என்பது அவர் தொழில் தர்மம்.

"இதுக்கு நீங்க வேணாம் வாத்தியாரே. இதுக்குப் பாசை வேணாம்" என்று என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு, ஹூபரின் வலது கையைப் பிடித்துத் துண்டால் மூடினார்.

ஹூபருக்கு யாரோ புறப்படும்போதே புத்திமதி சொல்லி அனுப்பியிருந்திருக்க வேண்டும். இந்தியாவில் கிராமத்தார் செய்கிற மரியாதை எதையும் மறுக்காதே, அவர்கள் செய்வதையே திருப்பிச் செய் என்று. மனிதர் மலர்ந்த முகத்தோடு கையைக் கொடுத்தார்.

துண்டு நெளிந்தது. கன்னியப்பன் நான்கு விரலைப் பிடித்தார். நாற்பது வேலை. ஹூபரும் உடனே நான்கு விரலைத் திருப்பிப் பிடித்தார்.

கன்னியப்பனின் முகம் மாறிப்போனது. வாழ்நாளில் முதல் விலைக்கு ஒத்துக்கொண்ட ஆளை அவர் பார்த்ததில்லை. முதல் விலைக்கே ஒருத்தன் சம்மதித்தால், நாம் குறைவாகக் கேட்டுவிட்டோம் என்று அர்த்தம். அது சந்தையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவர் ஐந்து பிடித்தார். ஹூபர் ஐந்து பிடித்தார். ஐந்தோடு இன்னும் இரண்டு பிடித்தார். ஹூபரும் அப்படியே. கன்னியப்பனுக்கு நெற்றியில் வியர்த்தது. நாற்பது போதும் என்று அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் சொன்ன விலைக்கெல்லாம் சம்மதிக்கிற ஆள் எதிரே நிற்கும்போது எந்தத் தரகன் நிறுத்துவான்? பத்துக் கணக்கை விட்டு நூற்றுக்குத் தாவினார். ஒரு விரல். ஹூபரும் ஒரு விரல். இரண்டு விரல். ஹூபரும் இரண்டு. அதோடு ஹூபருக்கு உற்சாகம் பீறிட்டு, முழுக்கையையும் பிடித்து, இடது கையையும் மேலே வைத்து, பலமாக ஓர் அமுக்கு அமுக்கினார்.

கன்னியப்பன் துண்டை உருவிக்கொண்டு திரும்பினார். "முடிஞ்சிது! எரநூறு!"

பேண்டு தானாக முழங்கியது. பச்சமுத்து கன்னியப்பனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஹூபர் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார்.

மெட்ராஸ் அதிகாரி என்னிடம், "என்ன சார் இது?" என்று கேட்டார்.

"இங்கே வழக்கம்" என்றேன். அதற்குமேல் ஆங்கிலத்திலோ தமிழிலோ சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த சில வாரங்கள் எங்கள் ஊர் இருந்த இருப்பைச் சொல்லி மாளாது. இருநூறு வேலை என்றால் வீட்டுக்கு ஐந்து. கிளியம்பாக்கத்தில் வீட்டுக்கு ஐந்து பேர் வேலைக்குத் தேறுவது சிரமம். எண்பது வயதுக் கிழவரிலிருந்து தொட்டிலில் கிடந்த குழந்தைவரை சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். வேலை கிடைக்கப்போகிற மாப்பிள்ளைகளுக்கு விலை ஏறியது. பச்சமுத்து இரண்டு மாடுகளை விற்றுவிட்டு ஒரு பேண்ட் தைத்துக்கொண்டார். அது அவருக்கு இடுப்பில் நிற்கவில்லை.

பிறகு ஒருநாள் அதே மெட்ராஸ் அதிகாரி வந்தார். இடம் எங்கள் ஊர்தான் என்று முடிவாகிவிட்டதாம். ஆனால் முதலில் அறுபது பேர்தான் எடுப்பார்களாம். அதிலும் பாதிப் பேர் படித்த டெக்னீஷியன்கள், வெளியிலிருந்து வருவார்கள். ஊர்க்காரர்களுக்கு வாட்ச்மேன், தோட்டவேலை என்று பத்துப் பன்னிரண்டு கிடைக்கலாம்.

"தொர எரநூறுக்குக் கை அமுக்கினாரு" என்றார் கன்னியப்பன்.

அதிகாரி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. "ஏம்பா, துண்டுக்குள்ளே போட்ட ஒப்பந்தமெல்லாம் எந்தக் கோர்ட்டில் செல்லும்?"

அவர் போன பிறகு ஊர் கன்னியப்பனைப் பார்த்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுத்த சந்தையில் அவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நின்றார். ஒருவரும் கை நீட்டவில்லை. அமுக்கின கை பொய்த்துப்போன தரகனிடம் யார் கை கொடுப்பார்கள்? வீட்டுக்கு வந்தவர் துண்டை ஆணியில் மாட்டிவிட்டு வெறும் தோளோடு உட்கார்ந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. மொட்டை மாதிரி இருந்தார்.

செல்லம்மாள்தான் கடைசியில் ஒரு போடு போட்டாள். "இப்டி குந்திக்கினு இருந்தா ஆவுமா? மாடு சரியில்லன்னா வாங்கனவன் வூட்டாண்ட போய் நிப்பான் இல்ல? நீ போய் அந்தத் தொரயாண்ட நில்லு."

ஹூபர் கையெழுத்துப் போட காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸுக்கு வருகிற நாளை விசாரித்துக்கொண்டு, கன்னியப்பனும் நானும் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். துண்டைத் தோளில் போடாமல் மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் நாஷ்டா வாங்கித் தந்தேன். அவர் இட்லியைப் பிட்டுப் போட்டபடி கை கழுவிவிட்டார்.

கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் ஹூபரைப் பிடித்தோம். அவருக்கு எங்களை நன்றாக ஞாபகம் இருந்தது. தானாகவே வலது கையை நீட்டி, துண்டு எங்கே என்பதுபோல் பார்த்தார். அந்தக் கள்ளமில்லாத முகத்தைப் பார்த்து நான் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. துண்டு என்றால் என்ன, விரல் என்றால் என்ன, அமுக்கு என்றால் என்ன, இருநூறு என்றால் என்ன என்று சொன்னேன். என் ஆயுளில் நான் பேசிய மிக நீண்ட ஆங்கிலம் அது. இலக்கணம் எப்படி இருந்ததோ, விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஹூபரின் வழுக்கை மண்டை கழுத்திலிருந்து உச்சிவரை சிவந்தது.

"நான் மரியாதை என்று நினைத்தேன். இருநூறு பேருக்கு நான் எங்கே போவேன்?"

"தெரிஞ்சி அமுக்கல இல்ல?" என்று கேட்டார் கன்னியப்பன். இல்லை என்றேன். அவர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு கொஞ்சம் உயிர் வந்தது. "அப்ப அது பேரமே இல்ல. அவரு ஏமாத்தல. நான்தான் பேராசப்பட்டுட்டேன். இப்ப வெவரம் தெரிஞ்சிக்கினாரு இல்ல? திரும்பப் பேசலாமான்னு கேளுங்க."

ஹூபர் ஆபீஸ் வாசலைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே அவருக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் விரல்களின் கணக்கை என்னிடம் இன்னொரு முறை கேட்டுக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, கையை நீட்டினார்.

துண்டு விழுந்தது. இந்தத் தடவை அது வேறு மாதிரி நெளிந்தது. ஹூபர் தலையை ஆட்டினார். கையை உருவிக்கொண்டு இரண்டடி போனார், திரும்பி வந்தார். கன்னியப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடப்பதுபோல் நடந்தார். ஹூபர் கூப்பிட்டார். கன்னியப்பன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "இப்பதான் மாடு வாங்க வந்திருக்காரு வாத்தியாரே!" அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் என்னவென்று சொல்வேன்! ஹூபரும் வாயை இறுக்கிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, அசல் சந்தைக்காரர் மாதிரி நின்றார். மெட்ராஸ் அதிகாரி வாசலில் வந்து இரண்டு தடவை கூப்பிட்டார். இருவருக்கும் காது கேட்கவில்லை. கடைசியில் ஓர் அமுக்கு விழுந்தது.

பஸ் பாதி வழி வந்தபோது கன்னியப்பன் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "வெளிய இருந்து கொண்டாறதா இருந்த ஆளுங்கள்ல கொறச்சிக்கினாரு. நம்ம புள்ளைங்களுக்கு அவங்களே பழக்கி வுடறாங்களாம். முப்பத்தொம்பதுல நின்னுட்டாரு. அதுக்கு மேல நவுரல."

"நாற்பது வீடாச்சே. யார் வீட்டை விடப் போறீங்க?"

"தரகன் வூட்ல மாடு இல்லன்னு வெச்சுக்குங்க" என்றார். "ஆதிகிட்ட சொல்லிடாதீங்க. மொதல்ல எல்லாருக்கும் ஆவட்டும்."

ஜன்னல் பக்கம் திரும்பி ஏரியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். ஏரி அதற்குள் போய்விட்டிருந்தது.

ஊரில் அவர் 'வூட்டுக்கு ஒண்ணு' என்றுதான் சொன்னார். பச்சமுத்து மறுபடியும் அவரைத் தூக்க வந்தார், கன்னியப்பன் ஓடிவிட்டார். அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் ஆதிலட்சுமி ஆணியிலிருந்த துண்டை எடுத்து அப்பாவின் கைமேல் போட்டாள். "எவ்ளோவுக்கு முடிஞ்சிது நைனா?" என்றாள். கன்னியப்பன் வாயால் எந்தப் பொய்யும் சொல்லுவார். துண்டுக்குள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். விரல் தானாக முப்பத்தொன்பது என்று சொல்லிவிட்டது. வீடுகளை எண்ணத் தெரியாத பெண்ணா அவள்? துண்டை மறுபடி ஆணியில் மாட்டினாளாம். இதை அவளே பின்னால் என்னிடம் சொன்னாள்.

பூமி பூஜை மேய்ச்சல் நிலத்தில் நடந்தது. மாடுகள் இல்லாத அந்த இடம் ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. பட்டாசு இல்லை, பேண்டு இல்லை, கன்னியப்பன் உத்தரவு. முப்பத்தொன்பது பெயர்களையும் தாண்டவராயன் மைக்கில் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீடு கைதட்டியது. வாசித்து முடித்ததும் செல்லம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பச்சமுத்துவும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றார். கன்னியப்பன் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆதிலட்சுமி போனாள். கையில் பச்சைக் கட்டம் போட்ட துண்டு. கன்னியப்பன் தோளைத் தடவிப் பார்த்தார், காலி. அவள் நேரே ஹூபர் எதிரே போய் நின்று, அவர் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டாள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் துண்டு போட்டதை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தோம். யாரோ கிழவர் ஒருவர் "அய்யய்யே" என்றார். அவரை அடக்கியது நான்தான். கோபத்தில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

ஹூபர் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. துண்டுக்குள் இருப்பது மரியாதை இல்லை, கணக்கு என்று அவருக்குத் தெரியும். துண்டு ஒரே ஒரு தடவை லேசாக நெளிந்தது. ஹூபர் அவளைப் பார்த்தார். கூட்டத்தின் பின்னால் வெறும் தோளோடு நின்ற கன்னியப்பனைப் பார்த்தார். அப்புறம் அமுக்கினார்.

ஆதிலட்சுமி துண்டை மடித்துக்கொண்டு வந்தாள். "முடிஞ்சிது நைனா. ஒண்ணு."

"எத்தினி தபா பேசின?"

"ஒரே தபா."

கன்னியப்பனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கத்தினார். "மொத வெலைக்கே அமுக்கிட்டாரா? அடிப் பாவி! கம்மியா கேட்டுட்ட! இத்தினி வருசமா ஒனக்கு இன்னாத்தடி சொல்லிக் குடுத்தேன்? ரெண்டு கேட்டிருக்கக் கூடாதா?"

அவள் துண்டை உதறி அவர் தோளில் போட்டாள்.

"எனக்கு ஒண்ணுதான நைனா வேணும்" என்றாள்.

கன்னியப்பன் துண்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு பேரத்தில் அவர் மறுவிலை கேட்காமல் விட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.